ஒருமையைத் தேடிய இயற்பியலறிஞர் எர்வின் ஷ்ரோடிங்கர்

இருபதாம் நூற்றாண்டின் இயற்பியல், காலம், இடம், பொருள் ஆகியன பற்றி மனிதன் கொண்டிருந்த எண்ணங்களை அடியோடு மாற்றியது. 1905இல் ஐன்ஸ்டைன் சார்பியல் கொள்கையை வெளியிட்டபின், எங்கும் எவர்க்கும் ஒரே சீராக ஓடும் காலம் என ஒன்று இல்லை என்பது தெளிவாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் எழுந்த குவாண்டம் இயற்பியல், பொருளின் திண்மையையே ஐயத்திற்கு உள்ளாக்கியது. இம்மாற்றங்களைக் கண்டோர் பலர், உபநிடதங்கள் உரைத்த ஒருமையை இன்றைய அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று மேடைதோறும் முழங்கலாயினர். அவ்வாறு முழங்குவோர் தவறாமல் சான்றுக்கு அழைக்கும் பெயர்களுள் ஒன்று எர்வின் ஷ்ரோடிங்கர் என்பது. அவர் குவாண்டம் இயற்பியலின் அடிப்படைச் சமன்பாட்டைத் தந்தவர். வேதாந்தத்தைத் தம் வாழ்நாட் கொள்கையாக ஏற்றவர். ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாக்கும் உரிமை எவருக்கேனும் உண்டெனில், அது அவருக்கே உண்டு. எனினும் அவர் அவ்வாறு செய்யவில்லை. அதன் காரணத்தை அறிவதே அவர்தம் வாழ்வை அறிவதாகும்.

இளமையும் கல்வியும்

ஷ்ரோடிங்கர் 1887 ஆகஸ்ட் 12ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டுத் தலைநகராகிய வியன்னாவில் பிறந்தார். தந்தையார் ருடால்ஃப் மெழுகுத்துணி வணிகம் செய்தவர். வணிகத்தினும் தாவரவியல் ஆராய்ச்சியில் மனம் தோய்ந்தவர். தாய்வழிப் பாட்டனார் வேதியியல் பேராசிரியர். பெற்றோருக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்தமையால், அவர் நூல்களுக்கும் உரையாடல்களுக்கும் நடுவே வளர்ந்தார். தாய்வழி உறவினால் ஆங்கிலம் இளமையிலேயே கைவந்தது. பள்ளியில் கணக்கும் இயற்பியலும் எளிதாக வாய்த்தன. கிரேக்க, இலத்தீன் இலக்கணங்களின் கட்டுக்கோப்பும், ஜெர்மானியக் கவிதையும், நாடகமும் அதே அளவுக்கு அவரைக் கவர்ந்தன. பிற்காலத்தில், 1949இல், தம் கவிதைகளைத் தொகுத்து அவர் ஒரு நூலாகவே வெளியிட்டார். இலக்கியமும் அறிவியலும் தம்முள் பகைகொண்ட இரு துறைகள் என்னும் எண்ணம் அவரிடம் ஒருநாளும் தோன்றியதில்லை.

1906இல் அவர் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குப் பேராசிரியராக விளங்கிய லூத்விக் போல்ட்ஸ்மனிடம் பயிலும் ஆவல் அவருக்கு இருந்தது. ஆனால் அவ்வாண்டு செப்டம்பரில் போல்ட்ஸ்மன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆசிரியரைக் காணும் பேறு வாய்க்காவிடினும், அவருடைய கருத்து மாணவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. எண்ணற்ற அணுக்கள் ஒழுங்கிலிருந்து ஒழுங்கின்மைக்கு நகர்வதே காலம் முன்னோக்கிச் செல்வதாகத் தோன்றுவதற்கு அடிப்படை என்பது போல்ட்ஸ்மனின் கொள்கை. உடைந்த பானை தானே ஒட்டிக்கொள்வதில்லை. பாலில் கரைந்த சருக்கரை தானே பிரிந்து வருவதில்லை. தனித்தனி அணுவின் இயக்கத்தில் முன்னும் பின்னும் இல்லை. பெருந்திரளாகச் சேரும்போதே காலத்திற்குத் திசை பிறக்கிறது. இக்கருத்து, ஐம்பது ஆண்டுகள் கழித்து ஷ்ரோடிங்கரின் மெய்யியல் சிந்தனையில் முதன்மையான இடம் பெறவிருந்தது.

போல்ட்ஸ்மனின் இடத்திற்கு வந்த ஃப்ரிட்ஸ் ஹேசனோர்ல் என்பாரிடம் பயின்று, 1910இல் முனைவர் பட்டம் பெற்றார். 1914இல் உலகப் போர் மூண்டது. பீரங்கிப் படை அலுவலராக அவர் இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அதே போர்முனையில் 1915இல் ஆசிரியர் ஹேசனோர்ல் குண்டடிபட்டு மாண்டார்.

போருக்குப் பின் வேதாந்தம்

1918இல் செர்னோவிட்ஸ் என்னும் நகரின் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கும் நிலை இருந்தது. கடமைக்கு இயற்பியல் கற்பித்துவிட்டு, எஞ்சிய நேரமெல்லாம் மெய்யியலில் மூழ்கலாம் என்பது அவர் திட்டம். ஆனால் போர் முடிந்தபோது ஆஸ்திரியப் பேரரசு சிதறுண்டது. செர்னோவிட்ஸ் ருமேனியாவின் பகுதியாயிற்று. பதவி போயிற்று, மெய்யியல் மட்டும் எஞ்சியது.

அந்நாளைய வியன்னா பசியால் வாடிய நகரம். தந்தையின் வணிகம் நொடித்தது. பணவீக்கம் சேமிப்பை விழுங்கியது. 1919 டிசம்பரில் தந்தையும், 1921இல் தாயும் மறைந்தனர். நிலையெனக் கருதிய நாடும், செல்வமும், பெற்றோரும் ஒருசேர மறைந்த அந்த ஆண்டுகளிலேயே ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தைக் கண்டடைந்தார் என்பது கருதத்தக்கது.

அவரை அங்கு இட்டுச் சென்றவர் ஜெர்மானிய மெய்யியலறிஞர் ஷோப்பன்ஹவர். உபநிடதங்கள் ஐரோப்பாவை அடைந்த வழி நெடியது. முகலாய இளவரசர் தாரா ஷுகோவின் முயற்சியால் அவை 1657இல் பாரசீக மொழியில் பெயர்க்கப்பெற்றன. அப்பாரசீக நூலை ஆங்க்கெத்தில் துப்பெரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இலத்தீனில் பெயர்த்து 1801, 1802ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். அந்த இலத்தீன் நூலே ஷோப்பன்ஹவரின் கைக்கு வந்தது. பின்னர் பால் டாய்சன், அறுபது உபநிடதங்களை வடமொழியிலிருந்து நேரே ஜெர்மனில் பெயர்த்து 1897இல் வெளியிட்டார். இவ்வழியே வந்த வேதாந்தத்தையே ஷ்ரோடிங்கர் பயின்றார். ஆதலின் அவர் அறிந்தது பெரும்பாலும் சங்கரர் கண்ட அத்வைத வேதாந்தமே. அதே உபநிடதங்களுக்கு இராமானுசரும் மத்துவரும் வேறு பொருள் கண்டனர் என்பதும், ஒருமை என்னும் சொல்லுக்கே பாரதநாட்டு மரபில் பல விளக்கங்கள் உண்டு என்பதும் அவர் சிந்தனையில் பெரிதாக இடம்பெறவில்லை. இக்குறை சுட்டத்தக்கதே. எனினும் கிடைத்த அளவில் அவர் கற்றது ஆழமானது.

1920இல் அவர் மணம் புரிந்துகொண்டார். யேனா, ஸ்டுட்கார்ட், பிரெஸ்லாவ் எனப் பல ஊர்களில் சிறு பதவிகள் வகித்து, 1921இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மார்புநோய் தாக்கியதால் 1922இல் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஆரோசா என்னும் ஊரில் பல திங்கள் ஓய்வுகொள்ள நேர்ந்தது.

1925ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தம் மெய்யியல் கருத்துகளை அவர் ஒரு கட்டுரை நூலாக வரைந்தார். 'என் உலகப் பார்வை' என்னும் நூலின் முற்பகுதியாக, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே அது அச்சேறியது. மலைச்சாரலில் அமர்ந்து பனிமுடியை நோக்கும் ஒருவனை அதில் அவர் காட்டுகிறார். நூறு ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் அமர்ந்து, அதே மாலை ஒளியில், அதே ஏக்கத்தோடு நோக்கியவனும் ஒருவன் இருந்திருப்பான். அவன் வேறு, இவன் வேறு என்று சொல்வதற்கு அடிப்படை யாது என்பது அவர் எழுப்பும் வினா. உடல் வேறு, பெயர் வேறு, காலம் வேறு. நான் என்று உணரும் அந்த உணர்வு மட்டும் வேறாதல் எவ்வாறு என்று அவர் கேட்கிறார். உணர்வு பலவாகத் தோன்றினும் உண்மையில் ஒன்றே என்பது அவர் கண்ட விடை.

இங்கே ஒரு கால வரிசையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இக்கட்டுரை எழுதப்பெற்றபோது அவருடைய புகழ்பெற்ற சமன்பாடு பிறக்கவில்லை. வேதாந்தம் முன்னது, அலைச் சமன்பாடு பின்னது. குவாண்டம் இயற்பியல் அவரை ஒருமைக்கு அழைத்துச் சென்றது என்று கூறுவது வரலாற்றுக்கு மாறானது.

அலைச் சமன்பாடு

எலக்ட்ரான் முதலிய நுண்துகள்களுக்கும் அலைத்தன்மை உண்டு என்று பிரெஞ்சு அறிஞர் லூயி டி பிராய் 1924இல் கூறியிருந்தார். அலை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு சமன்பாடும் இருத்தல் வேண்டும். அதைத் தேடும் பணியில் 1925ஆம் ஆண்டின் இறுதியில் ஷ்ரோடிங்கர் ஈடுபட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறையை ஆரோசாவில் கழித்தபோதும் அவ்வேலை தொடர்ந்தது.

அவர் முதலில் அமைத்தது சார்பியல் கொள்கைக்கு இயைந்த சமன்பாடே ஆகும். காலத்தையும் இடத்தையும் சமமாகக் கொள்ளும் அழகிய சமன்பாடு அது. ஆனால் ஹைட்ரஜன் அணுவின் நிறமாலைக் கோடுகளின் நுண்ணமைப்பு ஆய்வுக்கூடத்தில் கண்டவற்றோடு பொருந்தவில்லை. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்னும் பண்பு உண்டு என்பது அச்சமன்பாட்டில் சேராததே காரணம் என்பது பின்னர் விளங்கியது. அக்குறையை 1928இல் டிராக் நீக்கினார். ஷ்ரோடிங்கரோ, எத்துணை அழகாயினும் ஆய்வு மறுத்ததை ஒதுக்கி வைத்தார். சார்பியலை விட்டு, எளிய வடிவில் மீண்டும் தொடங்கினார். 1926 ஜனவரி இறுதியில் முதற் கட்டுரை வெளியீட்டுக்குச் சென்றது. அவ்வாண்டு நடுப்பகுதிக்குள் நான்கு கட்டுரைகளும் முடிந்தன. அணு இயற்பியலும் வேதியியலும் இன்றுவரை அச்சமன்பாட்டின்மேல் நிற்கின்றன.

அழகிய கருத்து ஒன்று உண்மையோடு மோதும்போது கருத்தைக் கைவிடும் இந்த ஒழுக்கமே அவரை அறிவியலறிஞராக்கியது. வேதாந்தத்தை இயற்பியலின் முடிவாக அறிவிக்க அவர் மறுத்ததும் இவ்வொழுக்கத்தின் பாற்பட்டதே.

பெர்லினிலிருந்து டப்ளின் வரை

1927இல் மாக்ஸ் பிளாங்க் ஓய்வு பெற்றபோது, பெர்லின் பல்கலைக்கழகத்தில் அவர் வகித்த இடம் ஷ்ரோடிங்கருக்குக் கிடைத்தது. அங்கே ஐன்ஸ்டைனின் நட்பு வாய்த்தது. இருவரும் உலகின் ஒருமையில் நம்பிக்கை கொண்டவர்கள். எனினும் இருவர் கண்ட ஒருமையும் ஒன்றன்று. ஐன்ஸ்டைன் ஸ்பினோசாவின் வழியில், இயற்கையின் விதிகளில் விளங்கும் ஒழுங்கையே இறைமையாகக் கண்டார். ஷ்ரோடிங்கர் கண்ட ஒருமை, இயற்கையை அறியும் உணர்வின் ஒருமை. முன்னவர் ஒருமையைப் புறத்தே கண்டார். பின்னவர் அகத்தே கண்டார் எனலாம்.

1933இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். யூதர் அல்லராயினும், அவ்வாட்சியின்கீழ் வாழ விரும்பாத ஷ்ரோடிங்கர் பெர்லினை விட்டு ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். அவ்வாண்டே டிராக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1935இல், ஒருமுறை உறவுகொண்ட துகள்கள் எவ்வளவு விலகினும் அவற்றைத் தனித்தனியே விவரிக்க இயலாத நிலைக்குப் பின்னல் என்று பொருள்படும் பெயரை அவர் இட்டார். பலரும் அறிந்த பூனை எடுத்துக்காட்டும் அவ்வாண்டினதே. இப்பின்னலை ஆய்வுகளால் நிறுவியமைக்காக ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் ஆகிய மூவர் 2022இல் நோபல் பரிசு பெற்றனர். அனைத்தும் ஒன்றே என்பதற்கு இப்பின்னலையே சான்றாகக் காட்டுவோர் இன்று பலர். பெயரிட்ட ஷ்ரோடிங்கரோ தம் ஒருமைக் கொள்கையை இதன்மேல் கட்டவில்லை. பின்னல் துகள்களின் நிலைகளைப் பற்றியது; அவர் பேசிய ஒருமை உணர்வைப் பற்றியது.

தாய்நாட்டுப் பற்றினால் 1936இல் அவர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகருக்குத் திரும்பினார். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, புதிய ஆட்சியை ஏற்பதாக அவர் எழுதிய மடல் ஒன்று நாளிதழில் வெளியாயிற்று. அச்சத்தால் நேர்ந்த இச்செயலுக்காக அவர் பின்னர் வருந்தினார். ஐன்ஸ்டைனிடம் விளக்கமும் கூறினார். அம்மடலும் அவரைக் காக்கவில்லை. ஆகஸ்டில் நம்பத்தகாதவர் என்று பதவி நீக்கம் செய்யப்பட்டார். மனைவியுடன் கைப்பெட்டிகளோடு ரோம் நகருக்குத் தப்பினார். அயர்லாந்தின் தலைமையமைச்சரும் கணிதப் பயிற்சி உடையவருமான டி வலேரா அவருக்கு அடைக்கலம் தர முன்வந்தார். 1939 அக்டோபரில் டப்ளின் வந்து சேர்ந்த ஷ்ரோடிங்கர், 1940இல் நிறுவப்பட்ட உயராய்வு நிறுவனத்தில் கோட்பாட்டு இயற்பியற் பிரிவின் தலைவரானார். அங்குப் பதினேழு ஆண்டுகள் தங்கினார்.

உயிர் பற்றிய உரை

1943 பிப்ரவரியில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில், ஏறக்குறைய 400 பேர் முன்னிலையில், உயிர் என்றால் என்ன என்னும் பொருள்பற்றி அவர் உரையாற்றினார். மரபுப் பண்புகளைச் சுமக்கும் மூலக்கூறு, ஒரே அமைப்புத் திரும்பத் திரும்ப வாராத படிகம் போன்றதாய், குறியீட்டு எழுத்துபோல் செய்தியைத் தாங்கி நிற்கவேண்டும் என்று அவர் கருதினார். பத்தாண்டுகளுக்குப் பின் டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்ட வாட்சன், கிரிக் இருவரையும் இவ்வுரைநூல் ஊக்கியது.

அந்நூலின் முடிவில் அவர் ஒரு பின்னுரை சேர்த்தார். உடல் இயற்கை விதிகளின்படி இயங்குகிறது. ஆயினும் அதன் செயல்களை இயக்குவது தானே என்று ஒவ்வொருவரும் நேரே உணர்கின்றனர். இவ்விரண்டும் உண்மையாயின், நான் என்னும் அவ்வுணர்வு யாது? ஆன்மாவும் பிரமமும் ஒன்றே என்னும் உபநிடதக் கொள்கையை அவர் இங்கே விடையாக முன்வைக்கிறார். ஆனால் நூலின் முற்பகுதியிலிருந்து இதனை ஒரு கோடிட்டுப் பிரிக்கிறார். இது தம் சொந்த நோக்கு என்றும், ஆய்வின் முடிவன்று என்றும் தெளிவுறுத்துகிறார். இப்பின்னுரையை ஏற்க இயலாமையால் டப்ளின் பதிப்பகம் ஒன்று நூலை வெளியிடாது கைவிட்டது. அவரோ பின்னுரையை நீக்க இசையவில்லை. 1944இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் அதனை வெளியிட்டது. அறிவியலோடு கலக்கவும் மறுத்தார். அச்சத்தால் மறைக்கவும் மறுத்தார் என்பது இதனால் புலனாகும்.

ஒருமைத் தேடலில் அவர் தடுமாறிய நேரமும் உண்டு. ஈர்ப்பு விசையையும் மின்காந்த விசையையும் ஒரே கோட்பாட்டுள் அடக்கும் முயற்சியில் அவரும் ஐன்ஸ்டைனும் மடல்வழி கருத்துப் பரிமாறினர். 1947 ஜனவரியில் தாம் வெற்றி கண்டதாக ஷ்ரோடிங்கர் அறிவித்தார். செய்தித்தாள்கள் அதனைப் பெரிதுபடுத்தின. அது நிறைவுறாத முயற்சியே என்பது விரைவில் வெளிப்பட்டது. நெடுநாள் நட்பும் சில ஆண்டுகள் முறிந்து கிடந்தது. இயற்கை விசைகளின் ஒருமை விருப்பத்தால் மட்டும் கைகூடுவதன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

காலமும் மனமும்

அவருடைய மெய்யியல் சிந்தனையின் முதிர்ந்த கனி, 'மனமும் பருப்பொருளும்' என்னும் நூல். 1956 அக்டோபரில் கேம்பிரிட்ஜில் நிகழ்த்துவதற்காக எழுதப்பெற்ற இவ்வுரைகளை, அவர் நோயுற்றிருந்தமையால் வேறொருவர் படித்தளித்தார். 1958இல் அவை நூலாயின.

அறிவியல் உலகை விளக்கும்போது, விளக்குகின்ற மனத்தை முதலிலேயே விலக்கி வைத்துவிடுகிறது என்பது இந்நூலின் அடிப்படைக் கருத்து. ஓவியன் தன்னை ஒதுக்கிவைத்துத் தெருவை வரைகிறான். வரைந்து முடித்தபின் ஓவியத்தில் தன்னைக் காணவில்லையே என்று வியப்பது பொருந்தாது. அதுபோல, மனத்தை விலக்கி அமைத்த உலகப் படத்தில் மனமோ, இன்பதுன்பமோ, இறைவனோ அகப்படாமை இயல்பே. ஆதலின் இயற்பியல் ஆன்மாவை மறுக்கவும் இல்லை, நிறுவவும் இல்லை. அவ்வினாவுக்கு அங்கே இடமே இல்லை.

அடுத்து, உணர்வுடையோர் பலராயிருக்க, அவர்கள் காணும் உலகு ஒன்றாயிருப்பது எங்ஙனம் என்னும் வினாவை எழுப்புகிறார். உணர்வு எவராலும் ஒருமையிலேயே துய்க்கப்படுகிறது. இரண்டு உணர்வுகளை ஒருங்கே துய்த்தவர் எவருமிலர். எனவே பன்மை தோற்றம், ஒருமையே உண்மை என்னும் உபநிடத முடிவே இப்புதிரை அவிழ்க்கும் என்பது அவர் துணிபு. அதே வேளையில், கீழை நாட்டுச் சிந்தனையைத் தாங்கும்போது மேலை அறிவியல் தன் தருக்கத் தெளிவை இழந்துவிடலாகாது என்றும் எச்சரிக்கிறார்.

காலம் பற்றிய பகுதியில்தான் சார்பியல் இடம்பெறுகிறது. ஒரு நிகழ்ச்சி முந்தியது, மற்றொன்று பிந்தியது என்னும் வரிசை, காண்போரின் இயக்கத்தைப் பொறுத்து மாறக்கூடும் என்பது ஐன்ஸ்டைன் கண்ட உண்மை. நெடுந்தொலைவில் உள்ள இரு விண்மீன்கள் வெடிக்கின்றன எனக் கொள்வோம். ஒருவருக்கு அவை ஒரே வேளையில் நிகழ்ந்தவை. விரைந்து செல்லும் மற்றொருவருக்கு ஒன்று முந்தியது. இருவர் கணக்கும் சரியே. கால ஓட்டமும் அவ்வாறே மாறும். வானின் உயரத்தில் பிறக்கும் மியூயான் என்னும் துகளின் சராசரி வாழ்நாள், நொடியின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு. அதற்குள் ஒளியின் வேகத்திற் சென்றாலும் ஏறத்தாழ 660 மீட்டரே கடக்க முடியும். எனினும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவை ஏராளமாகத் தரைக்கு வந்து சேர்கின்றன. விரைந்து செல்லும் துகளின் கடிகாரம், தரையிலிருந்து காண்பார்க்கு மெல்ல ஓடுவதே காரணம்.

ஆயின் இக்கொள்கைக்கு எல்லை உண்டு. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்கக்கூடிய நிகழ்ச்சிகளின் வரிசை எவர்க்கும் மாறாது. தந்தைக்கு முன் மகன் பிறப்பதாகக் காண்பவர் எவருமிலர். காலம் வெறும் பொய் என்று சார்பியல் கூறவில்லை.

ஷ்ரோடிங்கரும் அவ்வாறு கூறவில்லை. அவர் எடுத்துக்கொண்டது அளவானது. காலமும் இடமும் மனம் உலகை அறியும் வடிவங்கள் என்று கான்ட் கூறினார். ஐன்ஸ்டைன் காலத்தின் முன்பின் வரிசைக்கு இருந்த முழுமையைத் தளர்த்தினார். போல்ட்ஸ்மன் காலத்தின் திசையே திரளான துகள்களின் நிகழ்தகவில் பிறப்பது என்று காட்டினார். இம்மூன்றும் சேரும்போது, அனைத்தையும் அடக்கியாளும் கொடுங்கோலனாகக் காலத்தைக் கருதவேண்டியதில்லை என்றாகிறது. அதனால், அறியும் மனத்தைக் காலம் அழித்துவிடும் என்பதும் ஐயமற்ற முடிவாகாது. இயற்பியல் கதவைத் திறந்தது; உள்ளே அழைத்துச் சென்றது இயற்பியலன்று. தடையை நீக்குதல் வேறு, உண்மையை நிறுவுதல் வேறு என்னும் இவ்வேறுபாட்டை அவர் மறக்கவில்லை.

இதே எண்ணம் ஐன்ஸ்டைனுக்கும் ஆறுதலாயிற்று. 1955 மார்ச்சில் தம் வாழ்நாள் நண்பர் பெஸ்ஸோ மறைந்தபோது, இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் பிரிவினை நிலைபேறுடையதன்று என்னும் கருத்துப்பட அவர் நண்பரின் குடும்பத்தாருக்கு எழுதினார். அடுத்த மாதமே அவரும் மறைந்தார். அம்மடலும் ஓர் அறிவியல் முடிவன்று. அறிவியலில் தோய்ந்த உள்ளம் துயரத்தின் முன் நின்ற நிலை.

கொள்கையும் வாழ்வும்

அனைத்துயிரும் ஒன்றே என்னும் கொள்கை இரக்கத்திற்கு அடிப்படை என்று ஷோப்பன்ஹவர் கருதினார். ஷ்ரோடிங்கரும் அறத்தின் வேரை அங்கேயே கண்டார். பிறனுக்குச் செய்யும் தீங்கு தனக்கே செய்யும் தீங்கு என்பது அதன் பொருள். இவ்வளவுகோலால் அவருடைய வாழ்வையே அளக்கும்போது கசப்பான உண்மை வெளிப்படுகிறது. அவருடைய இல்லறம் வழக்கத்திற்கு மாறானது. மனைவியோடு, தமக்கு மகளைப் பெற்ற மற்றொரு பெண்மணியும் டப்ளின் இல்லத்தில் உடன் வாழ்ந்தார். இதனினும் கொடியது வேறுண்டு. 1989இல் அவர் வரலாற்றை விரிவாக எழுதிய வால்ட்டர் மூர், வயதில் மிக இளைய சிறுமியர்பால் அவர் கொண்ட நாட்டங்களை அவருடைய நாட்குறிப்புகளைக் கொண்டே பதிவு செய்திருந்தார். அந்நூல் அவற்றை மென்மையாகக் கடந்து சென்றது. 2021 டிசம்பரில் அயர்லாந்து நாளிதழ் ஒன்று இவற்றை மீண்டும் வெளிக்கொணர்ந்தது. 2022இல் டிரினிட்டி கல்லூரியின் இயற்பியல் துறை, தன் விரிவுரைக் கூடத்திற்கு இட்டிருந்த அவர் பெயரை நீக்கியது.

இதனால் சமன்பாடு பிழையாவதில்லை; உபநிடதக் கருத்தும் மாசுறுவதில்லை. ஆனால் ஒருமையை அறிவால் ஏற்பதும், எதிரில் நிற்கும் எளியவரின் நோவைத் தன் நோவாக உணர்வதும் வேறுவேறு என்பது ஐயமின்றித் தெரிகிறது. அனைவரிடத்தும் ஒரே உணர்வைக் கண்டவர், அவ்வுணர்வு நோகக்கூடியது என்பதைத் தம் விருப்பத்தின்முன் மறந்தார். கற்றவர் நெஞ்சில் நிற்கும் கொள்கை, நடத்தையில் இறங்காவிடின், அதனால் காக்கப்படுவார் எவருமிலர்.

இறுதி நாட்கள்

1956இல் ஷ்ரோடிங்கர் வியன்னாவுக்குத் திரும்பினார். தாம் பயின்ற பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக வரவேற்றது. 1960இல், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த 'என் உலகப் பார்வை' நூலுக்குப் பிற்பகுதி எழுதினார். இரு பகுதிகளுக்கும் இடையே சமன்பாடும், நோபல் பரிசும், இரு உலகப் போர்களுள் ஒன்றும், நாடு துறந்த வாழ்வும் கடந்திருந்தன. கருத்து மட்டும் மாறவில்லை. குவாண்டம் இயற்பியலை நிறுவியோருள் ஒருவர், தம் மெய்யியல் நூலின் பிற்பகுதியிலும் அவ்வியற்பியலைத் தம் கொள்கைக்குத் தூணாக நிறுத்தவில்லை.

இளமையில் தொடங்கிய மார்புநோய் இறுதியில் வென்றது. 1961 ஜனவரி 4ஆம் நாள் தம் 73ஆம் அகவையில் அவர் வியன்னாவில் காலமானார். அவர் விரும்பிய ஆல்ப்பாக் என்னும் மலைச்சிற்றூரின் தேவாலயத் தோட்டத்தில் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. கல்லறையின் இரும்புச் சிலுவையில் அவருடைய சமன்பாடு பொறிக்கப்பட்டுள்ளது.

அறிவியலும் ஆன்மிகமும் ஒன்றையொன்று நோக்கும் இந்நாளில், ஷ்ரோடிங்கரின் வாழ்வு இருதிறத்தாருக்கும் வேண்டுவது. சார்பியலையும் குவாண்டத்தையும் வேதத்திற்கு விளம்பரமாக்குவோர், அவர் இட்ட கோட்டைக் காணவேண்டும். அறிவியலின் படத்தில் இல்லாதது எங்குமே இல்லை என்று துணிவோர், அப்படத்தை வரைந்தவர் எங்கே என்று அவர் கேட்ட வினாவை எண்ணவேண்டும். ஒருமையைப் போற்றுவோர் அனைவரும், அவர் தவறிய இடத்தையும் மறவாதிருத்தல் வேண்டும். கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்திராமல் போகலாம். காலத்தின் முன்பின் வரிசை தளரலாம். பிறர் துன்பத்தின்முன் மனிதன் நடந்துகொள்ளும் முறையே, அவன் ஏற்ற ஒருமைக்கு உரைகல்.